சகலைக்கு எடுத்துக் கொடுத்த கம்பு

என் சகலைக்கு ஒரு தூண்டில் கம்பு எடுத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றே தப்பான கம்பாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்காக நான் வெட்கப்படுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் செய்வேன். என்ன, அந்தத் தடவை இன்னும் கொஞ்சம் யோசித்துச் செய்வேன்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் புருஷன். ஸ்ரீவில்லிபுத்தூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார், எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெக்கானிக். சட்டையில் எண்ணெய்க் கறை இல்லாமல் என்னை யாரும் பார்த்திருக்க முடியாது. எங்கள் இரண்டு பேருக்கும் மாமனார் வீடு தேவதானம். கொஞ்சம் வயல், கொஞ்சம் தென்னை, முற்றத்தில் ஒரு பெரிய நாய்.

பொங்கல் முடிந்து வருகிற கரிநாளில் அந்த வீட்டில் மீன்குழம்புதான். மாமனார் ஐஸ் மீனைத் தொடமாட்டார். கண்மாய் மீன் வேண்டும், அதுவும் அன்றைக்குப் பிடித்ததாக வேண்டும். கல்யாணமான முதல் வருசத்திலிருந்து அந்த மீனைக் கொண்டுபோய் இறக்குகிறவன் நான். கட்லா கிடைத்தால் கட்லா, இல்லாவிட்டால் ரோகு. இருட்டு பிரிவதற்குள் போய் உட்கார்ந்து, கொசுக்கடி பட்டு, இழுத்துப் போட்டு, பைக்கில் கட்டி எடுத்துப் போவேன். அத்தை கல்லுப்பும் புளியும் போட்டு உரசிக் கழுவி, மண்சட்டியில் குழம்பு வைப்பார்கள். பந்தியில் இலை போட்டு உட்காருவோம். அப்புறம் அந்தத் தலை வரும்.

அந்த வீட்டு வழக்கம், மீன்தலை மூத்த மருமகனுக்கு. கட்லாவுக்குத் தலைதானே பெரிது, தலைதானே ருசி! அகப்பையில் தலையை ஏந்திக்கொண்டு வருகிறது யார் தெரியுமா? என் மனைவி. என் இலையைத் தாண்டிக்கொண்டு போய், அவள் அத்தான் இலையில் வைப்பாள். எனக்கு நடுத்துண்டு விழும், சில வருசம் வால் விழும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சகலை அந்தத் தலையைப் பிளந்து, கண்ணை உறிஞ்சி, மூளையை வழித்துத் தின்று முடித்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொல்வார்:

"மீனு நல்ல மீனுதான் சகல. லேசா சேத்து வாட அடிக்கி."

ஒரு வருசம் இல்லை, ஒவ்வொரு வருசமும். எல்லாரும் சிரிப்பார்கள். அத்தை மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாட அடிக்காதே, நல்லாத்தான கழுவுனேன்" என்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றைப் பிசைவேன். ஒரு கரிநாளைக்காவது அந்தத் தலை என் இலையில் விழ வேண்டும், அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நான் கண்ணை உறிஞ்சிக்கொண்டே அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். இதுதான் என் ஆசை. வீடு கட்ட வேண்டும், கார் வாங்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை வந்ததில்லை. இந்தத் தலைதான் வேண்டும். பைக்கில் மில்லுக்குப் போகும்போதுகூட அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன்.

போன தீபாவளிக்குத் தேவதானத்தில் கூடியிருந்தபோது அதற்கு வழி பிறந்தது. சகலை செல்போனில் யாரோ வெளிநாட்டுக்காரன் பெரிய கெண்டை பிடிக்கிற வீடியோவை மாமாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டு, "தூண்டி போடுறதுல என்ன மாமா வித்தை இருக்கு? கம்பு நல்ல கம்பா இருந்தா யாரும் பிடிக்கலாம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "அப்ப வாங்கண்ணே, கரிநாளைக்கு நீங்களும் வந்து பிடிங்க" என்றேன்.

மாமா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். மனிதருக்கு எங்களை மோதவிட்டுப் பார்ப்பதில் ஒரு சந்தோசம். "ரெண்டு பேரும் போங்க. நானும் வாரேன். யாரு பெரிய மீனப் பிடிக்கியளோ, இந்த வருசம் தல அவுகளுக்கு" என்றார். 

அடேயப்பா, அன்றைக்கு எனக்குத் தீபாவளி ரெண்டு தடவை வந்த மாதிரி இருந்தது. அது போதாதென்று சகலை என் தோளில் கையைப் போட்டு, "சகல, எனக்கு கம்பப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுத்திருங்க" என்றார். போட்டிக்கு வருகிறவன் எதிராளியிடமே ஆயுதம் கேட்கிறான்! என்னை ஒரு எதிராளியாகக்கூட அவர் மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அந்த நிமிசமே முடிவு செய்துவிட்டேன், இவருக்கு எந்தக் கம்பு என்று.

இங்கே கம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாராவது நல்ல மனிதர் வந்து என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதைச் சொல்கிறேன். கரையில் கருவேலமரம் அடர்ந்திருந்தால் குட்டைக் கம்பு வேண்டும். நீளக் கம்பை வீச முதுகுக்குப் பின்னால் இடம் இருக்காது, தூண்டில் முள் கிளையில் மாட்டிக்கொள்ளும். வெட்டவெளியில் தூரமாக எறிய வேண்டுமென்றால் பன்னிரண்டடிக் கம்பு, கனமான ஈயம். தண்ணீருக்குள் கல்லும் கட்டையும் கிடக்கிற இடமென்றால் முரட்டுக் கம்பு. மீன் கட்டைக்குள் புகுவதற்கு முன்னால் அதன் தலையைத் திருப்பியாக வேண்டும், தொளதொளவென்று வளைகிற கம்பால் அது முடியாது. எல்லா இடத்துக்கும் ஒரே கம்புதான் வாங்க முடியும் என்றால், பத்தடியில், நுனியிலிருந்து பாதிவரை வளைந்து அங்கே நின்றுகொள்கிற கம்பு. என்னிடம் இருக்கிறது அதுதான். கடையில் பார்த்து வாங்குவது சுலபம். பிடியை வயிற்றில் ஊன்றிக்கொண்டு, கடைக்காரரை நுனியைப் பிடித்துக் கீழே இழுக்கச் சொன்னால் எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

இதில் ஒரு வார்த்தைகூடச் சகலையிடம் நான் சொல்லவில்லை.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் தூண்டில் சாமான் வைத்திருக்கிற கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன். வரிசையாக நின்ற கம்புகளில் ஒன்றை உருவினேன். ஒல்லிக் கம்பு. நுனியைப் பிடித்து இழுத்தால் கைப்பிடிவரை சாட்டை மாதிரி வளைகிறது. சின்னச் சின்ன சிலேபி மீன் பிடிக்க நல்ல கம்பு. நான் குறி வைத்திருந்தது சோழபுரம் பக்கம் ஒரு கண்மாய். அங்கே கிழக்குக் கரை ஓரம் தண்ணீருக்குள் பூராவும் வெட்டிப்போட்ட கருவேலங்கட்டை. பெரிய கட்லா மாட்டினால் நேரே கட்டைக்குள்தான் ஓடும். இந்தக் கம்பு அதை என்ன செய்யும்? தலையாட்டிக்கொண்டே நிற்கும். தூண்டில் நரம்பு படக்கென்று அறுந்துபோகும்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணே, அது சிலேபிக்குல்ல..." என்று ஆரம்பித்தார். நான் முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிவிட்டு, கம்பைத் துடைத்துப் பையில் போட்டார்.

"வெயிட்டே இல்ல சகல! புடிச்சிருக்கதே தெரியல!" என்று சகலை கடைக்குள்ளேயே அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். முகம் நிறையச் சந்தோசம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தோசைக்கு உட்கார்ந்தபோது என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அடக்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும். அவள் தோசைக் கரண்டியோடு திரும்பி நின்றாள்.

"சீ! இம்புட்டு வயசாகி ஒரு மீன்தலைக்கா?"

"ஒனக்கென்ன தெரியும்? எந்த எலையில வைக்கோம்னு பாத்தா வைக்க? நீ பாட்டுக்கு வச்சிட்டுப் போயிருத" என்றேன்.

"எங்க வீட்டுல என்ன வழக்கமோ அதான செய்ய முடியும்? நான் மட்டும் சந்தோசமாவா வைக்கேன்?" என்றாள். அதற்குப் பிறகு தோசை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். என் பத்தடிக் கம்பே போதும். ஆனால் மனசு ஆறவில்லை. சகலை கண்முன்னால் மீனைப் போராடிக் களைக்க வைத்துக் கொண்டுவருவதில் என்ன இருக்கிறது? தண்ணீரிலிருந்து பிடுங்கி அவர் காலடியில் எறிய வேண்டும். அதற்காகவே மறுவாரம் அதே கடைக்குப் போய் ஒரு பன்னிரண்டடி முரட்டுக் கம்பு வாங்கினேன். இரும்புக் கம்பி மாதிரி நிற்கும், அசைந்துகொடுக்காது. கடைக்காரர் இந்தத் தடவை வாயே திறக்கவில்லை.

கரிநாள் விடியும்போது நான் கண்மாயில் இருந்தேன். குத்தகைக்காரர் எனக்குத் தெரிந்தவர், பண்டிகைக்கு ஒரு மீன் என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். மடையை ஒட்டி என் இடம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து பல நாளாக அங்கே போட்டு வைத்திருந்தேன். எங்கள் பக்கம் ஒருவன் இரை போட்டுப் பழக்கிய இடத்தில் இன்னொருவன் தூண்டில் போடமாட்டான். அது எழுதாத சட்டம். சட்டம் தெரியாத சகலைக்கும் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

வெள்ளைக் கார் கரைமேல் வந்து நின்றது. மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். சகலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கினார். பிறகு ஒரு பொட்டலத்தை இறக்கினார். இரைக்கு என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று பார்த்தால், வழியில் பரோட்டாக் கடையில் வாங்கிய மாவு!

"அண்ணே, அந்தா கெழக்கால போங்க. பெரிய மீனு பூராம் அங்கனதான் கெடக்கு" என்று கருவேலங்கட்டை கிடக்கிற கரையைக் காட்டினேன்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். செத்த நேரத்தில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறிவிட்டதாம். "அங்க மனுசன் போவானா சகல? நான் இங்கயே உக்காந்துக்கிடுதேன்" என்று சொல்லி, கார் நின்ற இடத்துக்கு நேரே, பெண்கள் துணி துவைக்கிற படித்துறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சோப்புத் தண்ணீரில் எந்த மீன் வரும்? கட்டையில் அறுபடவில்லையென்றாலும் சும்மாவே உட்கார்ந்து வெயில் காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் எனக்குத்தான் கடித்தது. தக்கை ஒரு தடவை படுத்து எழுந்தது, அப்புறம் காணவில்லை. இழுத்தேன். அம்மாடி, அந்தப் பக்கம் கல்லைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே வந்து வாயைத் திறந்து காட்டியது. கட்லா! முறம் அகலத்துக்குத் தலை. அந்தத் தலை என் இலையில் கிடப்பதை அங்கேயே பார்த்துவிட்டேன். படித்துறைப் பக்கம் திரும்பினேன். சகலை எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று என் கோபத்தையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து, கம்பை நெஞ்சோடு சேர்த்துப் பின்னால் சாய்ந்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன்.

கட்லாவுக்கு உதடு வெண்ணெய். முள் கழன்று என் முகத்துக்கு நேரே பறந்துவந்தது. அதில் ஒரு துணுக்குச் சதை ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பு கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் மீன் துள்ளும்போது உதடு தாங்கியிருக்கும். என் கம்புதான் இரும்பாயிற்றே! இதை வைத்துக்கொண்டு, வளைந்து கொடுக்கிறவன்தான் வாழ்வான் என்று யாராவது எனக்குப் பாடம் எடுக்க வந்தால் நடக்கிறதே வேறு.

நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது படித்துறையில் கூச்சல் கேட்டது.

"சகல! சகல! ஓடியாங்க! என்னமோ இழுக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தால், ஒல்லிக் கம்பு வட்டமாக வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ரீல் கிறீச்சிட்டுக்கொண்டு நரம்பை விடுகிறது. மீன் நடுக்கண்மாய்க்கு ஓடுகிறது. அந்தப் பக்கம் கட்டையும் கிடையாது, கல்லும் கிடையாது, கொடியும் கிடையாது. துணி துவைக்கிறவர்கள் காலில் தட்டாமல் இருக்க எல்லாவற்றையும் சுத்தமாக வாரிப்போட்ட இடம் அது.

"என்ன செய்யணும் சகல? சொல்லுங்க!" என்று கெஞ்சினார். முகமெல்லாம் வியர்வை.

நான் சொன்னேன்: "விட்றாதீங்கண்ணே! ரீல்ல அந்தத் திருகு இருக்குல்ல, அத இறுக்குங்க! நல்லா இறுக்கிட்டுப் பின்னால இழுங்க!"

இறுக்கியிருந்தால் அந்த நிமிசமே நரம்பு அறுந்திருக்கும். அதற்காகத்தான் சொன்னேன். ஆனால் மனிதருக்குப் பயத்தில் கை வரவில்லை. இரண்டு கையாலும் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றார். கம்பு தன் பாட்டுக்கு வளைந்தது, நிமிர்ந்தது. மீன் ஓடியது, நின்றது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. எத்தனை தடவை ஓடினாலும் அதன் உதட்டை முள் கிழிக்கவில்லை. கடைசியில் களைத்துப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து படித்துறைக்கு வந்தபோது, மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, செவுளில் கை கொடுத்துத் தூக்கினார். என் மீனைவிடப் பெரிதா சிறிதா என்று எனக்குத் தெரியாது. என் மீன்தான் கண்மாயில் இருக்கிறதே.

மத்தியானம் பந்தி. இலை போட்டாயிற்று. சரி, வழக்கம்போல அவருக்குத்தானே, புதிதாக என்ன போய்விட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி தலையைக் கொண்டுவந்து அவள் அத்தான் இலையில் வைத்தாள். தலை இலையின் பாதியை அடைத்துக்கொண்டது.

சகலை அதைத் தொடவில்லை. எழுந்து நின்றார். இரண்டு கையாலும் தலையை அள்ளிக்கொண்டு, குழம்பு முழங்கையில் ஒழுக, என் இலைக்கு வந்தார்.

"மாமா, நாயத்தப் பேசணும். எனக்குத் தூண்டியப் பத்தி என்ன தெரியும்? தான் தோத்தாலும் பரவால்லன்னு எனக்கு நல்ல கம்பாப் பாத்து எடுத்துக் குடுத்தது இவரு. தான் ஒரு மொரட்டுக் கம்ப வச்சுக்கிட்டு அல்லாடுனாரு பாவம். இந்தத் தல சகலைக்குத்தான்" என்று சொல்லி, என் சோற்றின்மேல் வைத்தார்.

மாமா தொடையில் தட்டினார். சகலையின் மனைவி, என் மதினி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவள். அகப்பையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிடுங்க. நீங்க எடுத்துக் குடுத்த கம்புல்லா" என்றாள்.

பிச்சை. இத்தனை வருசம் நான் கேட்ட தலையைப் பிச்சையாகப் போட்டுவிட்டார் அந்த மனிதர். அதுவும் என் கம்பால், என் வஞ்சகத்தால் கிடைத்த தலையை! ஆனாலும் கை தலைக்குத்தான் போனது. பிளந்தேன். கண்ணை எடுத்து உறிஞ்சினேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சகலை முகம் பூராவும் சிரிப்பு.

"எப்பிடி இருக்கு சகல?"

வருசக்கணக்காக வாய்க்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை. வேறு எதுவும் அங்கே தயாராக இல்லை. அது தானாகவே வெளியே வந்தது.

"மீனு நல்ல மீனுதாண்ணே. லேசா சேத்து வாட அடிக்கி."

அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சகலை தன் இலையிலேயே ஓங்கி அடித்தார்.

"பாத்தீகளா! பாத்தீகளா மாமா! நான் வருசா வருசம் சொல்லல? இவரு கொண்டாந்த மீனு அம்புட்டும் அடிச்சுது. ஒருத்தராச்சும் நம்புனியளா? சிரிச்சீக! இன்னைக்கு அவரு வாயாலயே வந்திருச்சு!"

"அப்ப அந்தக் கம்மா மீனே அப்பிடித்தான் போல" என்றார் மாமா. "அடுத்த வருசம் வேற எங்கனயாச்சும் பாப்பம்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. என் மனைவி மட்டும் சிரிக்காமல் அகப்பையோடு உள்ளே போனாள். அத்தையும் பின்னாலேயே போனார்கள். நான் குனிந்துகொண்டு தின்றேன். மூளையை வழித்தேன், எலும்பைச் சூப்பினேன், ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை.

அந்தத் தலையில் துளிகூட வாடை இல்லை. அவ்வளவு ருசியான மீனை நான் தின்றதே கிடையாது. இதை இனி யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?